டிசம்பர் விடுமுறைக்கு எல்லாம் உள்ளடங்கிய விளையாட்டு விடுதி: எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

தெம்பனிஸ் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் வசிக்கும் ஐந்து பேர் கொண்ட குடும்பம் எங்களுடையது. நான், என் கணவர், பத்து வயது மகள், ஐந்து வயது மகன், எங்களுடனேயே இருக்கும் 68 வயது மாமியார். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் நான்கு இரவுகள் எங்காவது போய்வரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கணவருக்குச் சுழற்சி முறை வேலை. பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்கள் இந்த ஆண்டு மிகக் குறைவு. அதனால்தான் கடைத்தெருக்களில் சுற்றும் பயணம் வேண்டாம், பிள்ளைகளோடு சேர்ந்து ஏதாவது விளையாட, கற்றுக்கொள்ள வாய்ப்புள்ள இடமாக இருக்கட்டும் என்று நினைத்தோம். அறை, மூன்று வேளை உணவு, விளையாட்டு, பயிற்சி அனைத்தும் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடும் விடுதியாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் பணப்பையைத் திறந்து கணக்குப் பார்க்கும் மனநிலை இராது என்பதும் ஒரு காரணம்.

மூன்று இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். மலேசியக் கிழக்குக் கரையில் செராத்திங்கில் உள்ள கிளப் மெட் நிறுவனத்தின் விடுதி, இந்தோனேசியாவின் பிந்தான் தீவில் லாகோய் பகுதி, தாய்லாந்தின் புக்கெட்டில் அதே நிறுவனத்தின் காத்தா கடற்கரை விடுதி. விளையாட்டுகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டுப் பார்த்ததில் என் மனம் செராத்திங் பக்கம் சாய்கிறது. பாய்மரப் படகு, கயாக் என்ற துடுப்புப் படகு, அம்பெய்தல், வலைக்கு மேலே ஊஞ்சலில் பறக்கும் ட்ரபீஸ் என்று எல்லாமே அங்கு இருக்கின்றன. காரிலேயே போய்விடலாம் என்பதும் வசதி. மாமியார் சைவம், முழங்கால் வலியும் உண்டு. மகள் நன்றாக நீந்துவாள், மகன் இப்போதுதான் கற்றுக்கொள்கிறான். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

குவாந்தான்வாசி எழுதியது:

சகோதரி, நான் 22 ஆண்டுகளாகக் குவாந்தானில் இருக்கிறேன். செராத்திங் இங்கிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர். எங்கள் கரையை மிகவும் நேசிப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: விளையாடுவதற்காக வருவதென்றால் டிசம்பரில் வராதீர்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கடந்து நேராக இந்தக் கரையில் வந்து மோதுகிறது. மழை மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். குடையைப் பிடித்துக்கொண்டு அம்பெய்யும் இடத்துக்குக்கூட ஓடிவிடலாம். சிக்கல் கடலில்தான் இருக்கிறது. அலைகள் உயர்ந்துவிடும், கரையோர நீரோட்டம் மாறிவிடும், சிவப்புக் கொடி ஏறிவிடும். கயாக்குகளும் சிறு படகுகளும் மணலுக்கு மேலே இழுத்து வைக்கப்பட்டிருக்கும். இதே மாதங்களில்தான் அலைச்சறுக்கு வீரர்கள் பல நாடுகளிலிருந்தும் செராத்திங்கைத் தேடி வருகிறார்கள் என்பதிலிருந்தே அலையின் வேகத்தை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். அவர்களுக்கு அது வரம். ஐந்து வயதுச் சிறுவனுக்கு அது பார்த்து நிற்க மட்டுமே உதவும். பயணத்தையும் நினைத்துப் பாருங்கள். 2014 டிசம்பரில் கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களில் ஏற்பட்ட வெள்ளத்தை இங்குள்ள யாரும் மறக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அப்படி நேர்வதில்லை என்றாலும், முதியவரையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அந்த மாதத்தில் இத்தனை தூரம் கார் ஓட்டி வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் பட்டியலில் உள்ள லாகோய்க்கும் இதே நிலைதான். அது பிந்தானின் வட கரை. அதே கடலை நோக்கியே இருக்கிறது. சிங்கப்பூரின் தானா மேரா படகுத்துறையிலிருந்து சுமார் ஒரு மணி நேரம்தான் என்றாலும், பருவக்காற்றுக் காலத்தில் அந்த ஒரு மணி நேரம் பலருக்குக் குமட்டலோடு கழியும்.

புக்கெட் மட்டும் அந்தமான் கடல் பக்கம் இருப்பதால் அங்கே கணக்கு தலைகீழாக மாறுகிறது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது அங்கே கடல் ஆபத்தானது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

எங்கள் ஊருக்கு ஜூனில் வாருங்கள். அப்போது கடல் தட்டுப் போலக் கிடக்கும். விடுதிக்கு அருகிலேயே மீன்வளத் துறையின் ஆமைக் காப்பகம் இருக்கிறது. தமிழ்நாட்டு மீனவர்கள் பேராமை என்று சொல்லும் பச்சைக் கடலாமைகள் அந்தப் பருவத்தில் இந்தக் கரையில்தான் முட்டையிட வருகின்றன. உங்கள் மகளின் வயதில் ஆமைக்குஞ்சு கடலை நோக்கி நகர்வதைப் பார்ப்பதற்கு ஈடாக எந்த விளையாட்டையும் நான் வைக்க மாட்டேன்.

விடுதியின் கையேட்டில் பாய்மரப் படகு என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். எந்த மாதங்களில் என்பது சிறிய எழுத்தில் எங்கோ இருக்கும், சில நேரம் இருக்கவே இராது. ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நீங்கள் போகப்போகும் வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த வாரத்தில் எந்தக் கடல் அமைதியாக இருக்கிறதோ அதுதான் உங்கள் இடம்.

தெம்பனிஸ் வாசகி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. இரண்டு வாரங்களாக விளையாட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த எனக்குக் காற்றைப் பற்றிய நினைவே வரவில்லை. ஜூனில் வர எங்களுக்கும் ஆசைதான். ஆனால் கணவருக்கு டிசம்பர் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் மட்டுமே விடுப்பு உறுதியாகியிருக்கிறது. அப்படியானால் புக்கெட் ஒன்றுதான் மிஞ்சுகிறதா?

நீச்சல் பயிற்றுநர் எழுதியது:

குவாந்தான் ஐயா சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தருவது என் தொழில் என்பதால், எந்த விடுதியாக இருந்தாலும் பொருந்தக்கூடிய சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

உங்கள் மகள் நன்றாக நீந்துவாள் என்கிறீர்கள். எங்கே நீந்துகிறாள்? சிங்கப்பூரின் ஸ்விம்சேஃபர் நீச்சல் பயிற்சித் திட்டத்தின் ஆறு நிலைகளில் அவள் எதை முடித்திருக்கிறாள்? நீச்சல் குளத்தில் தடையின்றி நான்கு சுற்று போகும் பிள்ளைகூட, காலுக்குக் கீழே தரை தெரியாத, அலை முகத்தில் அடிக்கும் நீரில் முதல் நிமிடத்திலேயே மூச்சு முட்டித் திணறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எனவே முதல் நாள் படகு, பலகை எதையும் தொடாமல், கணவரும் மகளுமாக மார்பளவு ஆழத்தில் அரை மணி நேரம் அலைக்குப் பழகட்டும். பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமான கொடிகள் இரண்டு நட்டிருந்தால், அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியே உயிர்காப்பாளர்களின் கண்காணிப்பில் உள்ள பகுதி. சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவு நீரிலும் இறங்க வேண்டாம். கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் ஒருவரைப் பிடித்துவிட்டால், கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி அதன் பிடியிலிருந்து விலகிய பிறகே கரை திரும்ப வேண்டும். இதைப் பெரியவர்கள் இருவரும் பயணத்துக்கு முன்பே மகளுக்குச் சொல்லிப் புரியவைத்திருக்க வேண்டும்.

மகனுக்குக் கையில் மாட்டும் காற்று வளையங்களை எடுத்துச் செல்லாதீர்கள். என் தங்கை மகனுக்கு நான்கு வயதாக இருந்தபோது, பெயர் சொல்ல விரும்பாத ஒரு விடுதியின் ஆழமற்ற குளத்தில் அந்த வளையம் வழுக்கிக் கழன்றுவிட்டது. நாங்கள் மூன்று பெரியவர்கள் இரண்டடி தூரத்தில் பேசிக்கொண்டிருந்தோம். அவன் கத்தவில்லை, நீரை அடிக்கவும் இல்லை. தலை மட்டும் மெல்ல உள்ளே போனது. தற்செயலாகத் திரும்பியதால் தூக்கிவிட்டேன். மூழ்கும் பிள்ளை சத்தம் போடாது என்று தொழிலில் ஆயிரம் முறை சொல்லியிருந்த எனக்கே அன்றுதான் அது உடம்பில் உறைத்தது. இடுப்பிலும் கால்களுக்கு இடையிலும் பட்டை உள்ள, அவன் எடைக்கு ஏற்ற மிதவை அங்கியை இங்கேயே வாங்கி, குளத்தில் அணிவித்துப் பார்த்து எடுத்துச் செல்லுங்கள். விடுதியில் இருக்கும், ஆனால் ஐந்து வயதுக்கான அளவில் போதுமானவை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

ஆழ்கடல் முக்குளிப்பு பெரும்பாலும் அந்த ஒரே கட்டணத்தில் அடங்காது. பாடி (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் விதிகளின்படி 8 வயதுப் பிள்ளைகள் 2 மீட்டர் ஆழம் வரை சுவாசக் கருவியோடு பழகிப் பார்க்கலாம். 10 வயதில் இளையோர் சான்றிதழ்ப் பயிற்சியையே தொடங்கலாம். மகள் விரும்பினால் அதை இரண்டாம் நாளிலேயே முடித்துவிடுங்கள். கடலில் முக்குளித்தபின் விமானம் ஏறுவதற்கு 18 மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. கடைசி நாளுக்கு ஒத்திவைத்தால் அந்த வாய்ப்பே போய்விடும்.

இன்னொன்று. நான்கு இரவு என்பது உண்மையில் மூன்று முழுப் பகல்கள்தான். முதல் நாள் அறைச் சாவி கையில் கிடைக்கவே பிற்பகலாகிவிடும். கடைசி நாள் காலையில் பெட்டி கட்ட வேண்டும். இந்த மூன்று பகல்களில் பட்டியலில் உள்ள எல்லா விளையாட்டுகளையும் தொட்டுப் பார்க்கும் ஆசையில் ஓடுபவர்கள் ஒன்றையும் கற்காமல் களைத்துத் திரும்புகிறார்கள். பாய்மரப் படகையோ ட்ரபீஸையோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்று நாளும் அதே நேரத்தில் போனால், மூன்றாம் நாள் உங்கள் மகள் தானே படகைத் திருப்புவாள். கடற்காற்று பொதுவாகப் பிற்பகலில்தான் வலுக்கும் என்பதால் பாய்மரத்தைப் பிற்பகலுக்கும், அமைதியான நீர் வேண்டிய கயாக்கைக் காலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரு மகன்களின் தந்தை எழுதியது:

உங்கள் முதல் பதிவில் ஒரு வரியில் என் கண் நின்றது. கணவர் பிள்ளைகளோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதானே இந்தப் பயணத்தின் நோக்கம்? இவ்வகை விடுதிகளின் அமைப்பே பெற்றோருக்கு ஓய்வு கொடுப்பதற்காகப் பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரித்து, காலை முதல் மாலை வரை தனியே வைத்து விளையாட வைப்பதுதான். அது குறையல்ல, பலர் அதற்காகவே போகிறார்கள். ஆனால் உங்களுக்கு வேண்டியது அதுவல்ல என்று நினைக்கிறேன்.

சென்ற ஆண்டு நாங்கள் அப்படியொரு விடுதிக்குப் போனோம். மகன்கள் இருவரும் காலை 9 மணிக்குச் சிறுவர் மன்றத்துக்குள் போனால் மாலையில்தான் வருவார்கள். மிகவும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். பயிற்றுநர்களும் அன்பானவர்கள். திரும்பும் விமானத்தில், நாம் நால்வரும் சேர்ந்து செய்தது என்ன என்று என் மனைவி கேட்டாள். இரவு உணவைத் தவிர எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. அந்தக் கேள்வி இன்றும் எனக்கு வலிக்கிறது.

கிளப் மெட்டில் சிறுவர் மன்றம் 4 வயது முதல் 10 வரை, வளரிளம் பருவத்தினர் பிரிவு 11 முதல் 17 வரை. மகளுக்குப் பதினொன்றாவது பிறந்தநாள் எப்போது? பயணத்துக்கு முன்பென்றால் அவள் தம்பியை விட்டு வேறு பிரிவுக்குப் போய்விடுவாள். பின்பென்றால் இருவரும் ஒரே மன்றம். அப்போதும் மன்றத்துக்குள் வயது வாரியாகக் குழு பிரிப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். பிறந்தநாள் சில இடங்களில் கட்டணத்தையும் மாற்றும். இதைப் பற்றி மகளிடமே கேளுங்கள். பத்து வயதுப் பெண்ணுக்குச் சின்னப் பிள்ளைகளோடு இருப்பதில் விருப்பம் இருக்கிறதா என்பது நமக்குத் தெரியாது.

முன்பதிவுக்கு முன் விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, சென்ற ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் உண்மையில் நடந்த அன்றாட அட்டவணையைக் கேளுங்கள். மாதிரி அட்டவணை வேண்டாம், நடந்த வாரத்தின் அட்டவணை. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே வரக்கூடிய நேரங்கள் எவை, பெரியவர்களுக்கு மட்டும் எவை, ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச வயதும் உயரமும் என்ன என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அதைப் பார்த்தாலே அந்த விடுதி உங்களுக்கானதா என்பது தெரிந்துவிடும்.

கணக்கர் எழுதியது:

எல்லோரும் எந்த விடுதி என்று பேசுகிறீர்கள். எல்லாம் உள்ளடங்கிய விடுதி தேவைதானா என்பதையே நான் கேட்க விரும்புகிறேன். அந்தக் கட்டணத்தில் மதுவும் அடங்கியிருக்கிறது. குடும்பத்தில் யாரும் அருந்தாதபோது பக்கத்து மேசைக்காரரின் கோப்பைக்கு நீங்களும் பங்கு கொடுக்கிறீர்கள். மாமியார் சைவம் என்பதால் உணவு வரிசையில் பாதிக்கும் மேல் அவருக்குப் பயன்படாது. அவர் எந்த விளையாட்டுக்கும் வரப்போவதில்லை, ஆனால் அவருக்கும் முழுக் கட்டணம். அதே புக்கெட்டில் ஒரு சாதாரணக் குடும்ப விடுதியில் தங்கி, ஒரு நாள் படகுப் பயிற்சி, ஒரு நாள் மீன்களைப் பார்க்கும் பயணம் என்று தனித்தனியே பணம் கட்டினால் குறைவாகவே முடியும்.

இரு மகன்களின் தந்தை எழுதியது:

கணக்கர் ஐயாவின் கேள்வி நியாயமானது. ஐந்து பேரில் எத்தனை பேர் உண்மையில் விளையாடுவார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இருவர் மட்டும் என்றால் அவர் சொல்வதே சரி. ஆனால் இந்த ஒரே கட்டண முறைக்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது. பெல்ஜிய நாட்டவரான ஜெரார் பிளிட்ஸ் 1950-இல் மயோர்க்கா தீவின் அல்குதியாவில் கூடாரங்கள் அடித்துக் கிளப் மெட்டைத் தொடங்கியபோது, வசதியான அறையை அவர் விற்கவில்லை. சேர்ந்து விளையாடுவதையும் சேர்ந்து உண்பதையுமே ஒரே கட்டணத்துக்குள் வைத்தார். ஒவ்வொரு முறையும் பணம் கட்ட வேண்டியிருந்தால், தயங்கும் பிள்ளையை நாம் மறுமுறை அனுப்ப மாட்டோம். என் இளையவன் ட்ரபீஸ் ஏணியில் பாதி ஏறி அழுதுகொண்டே இறங்கினான். தனியாகப் பணம் கட்டியிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன். மறுநாள் அவனாகவே போனான், ஏறினான், குதித்தான். தோற்றுவிட்டு மீண்டும் வர அனுமதிப்பதே அந்தக் கட்டணத்தின் உண்மையான பயன் என்று நான் நினைக்கிறேன்.

காப்பீட்டையும் பாருங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் சிலவற்றில் முக்குளிப்பு, உயரத்தில் செய்யும் சாகசங்கள் ஆகியவை விலக்கப்பட்டிருக்கும்.

ஈப்போ அத்தை எழுதியது:

மாமியாரை ஏன் கணக்கில் விளையாடாதவர் என்று எழுதிவிட்டீர்கள்? என் அம்மாவுக்கு 71 வயதில் அம்பெய்தல் அவ்வளவு பிடித்துப்போனது. முழங்கால் வலிக்காரர்களுக்கு நீருக்குள் செய்யும் உடற்பயிற்சி வகுப்பும் இதமாக இருக்கும். ஆனால் அறை எங்கே என்பது முக்கியம். உணவுக்கூடத்துக்கு அருகில், படியேறாத கீழ்த்தள அறையை முன்பதிவிலேயே எழுதிக் கேளுங்கள். செராத்திங் போன்ற இடங்களில் மலாய்க் கம்பத்து வீட்டுப் பாணியில் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டியிருப்பார்கள். அழகு, ஆனால் முழங்காலுக்குச் சிரமம்.

உணவைப் பொறுத்தவரை, தாய்லாந்தில் வெறுமனே சைவம் என்று சொன்னால் மீன் சாறு சேர்ந்துவிட வாய்ப்புண்டு. "ஜே" என்று சொல்லுங்கள். இறைச்சி, மீன், முட்டை எதுவும் சேராத உணவுக்கு அங்கே அதுதான் பெயர். பூண்டும் வெங்காயமும்கூட இராது. பால், தயிரும் அதில் அடங்காது என்பதால், மாமியாருக்குத் தயிர் வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மலேசியா வரும்போது சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது கலந்திருக்கிறதா என்று கேட்பதும் அதே மாதிரிதான்.

தெம்பனிஸ் வாசகி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு கணவரும் நானும் இந்தப் பதிவுகள் எல்லாவற்றையும் ஒன்றாக உட்கார்ந்து படித்தோம். புக்கெட் என்று முடிவாகிவிட்டது, டிசம்பர் முதல் வாரம். கிறிஸ்துமஸ் நெருங்கும் வாரங்களைவிட அந்த வாரத்தில் கட்டணமும் குறைவாகவே இருக்கிறது. விடுதிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். சென்ற ஆண்டின் அதே வார அட்டவணை இன்று காலை வந்துவிட்டது. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பங்குபெறும் நேரம் தினமும் இரண்டு முறை இருக்கிறது. கீழ்த்தள அறையையும் குறித்துக்கொண்டதாக எழுதியிருக்கிறார்கள்.

மகளின் பிறந்தநாள் டிசம்பர் 14. ஆகவே பயணத்தின்போது அவளுக்கு இன்னும் பத்து வயதுதான். தம்பியோடு ஒரே மன்றத்தில் இருக்க விருப்பமா என்று கேட்டேன். மன்றமே வேண்டாம், அப்பாவுடன் படகு ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றாள். கணவர் எதுவும் பேசவில்லை. அட்டவணைத் தாளை எடுத்து மூன்று பிற்பகல்களிலும் பாய்மரப் பயிற்சி நேரத்தைப் பேனாவால் வட்டமிட்டார். மகன் காலையில் மன்றத்துக்குப் போவான், பிற்பகல் என்னுடன் குளத்தில். மாமியாரிடம் அம்பெய்தலைப் பற்றிச் சொன்னேன். எந்த நேரத்தில் என்று கேட்டார்.

நீச்சல் பயிற்றுநர் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி. மகனின் மிதவை அங்கியை இந்த வாரமே வாங்கி, ஞாயிற்றுக்கிழமை குளத்தில் அணிவித்துப் பாருங்கள். தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கும்போது அங்கி அவன் காதுவரை ஏறிவந்தால் அது பெரிய அளவு, மாற்றிக்கொள்ளுங்கள்.

குவாந்தான்வாசி எழுதியது:

அடுத்த ஜூனில் விடுப்புக் கிடைத்தால் இங்கே ஒரு வரி எழுதுங்கள், சகோதரி. காப்பகத்தில் குஞ்சுகளைக் கடலில் விடும் நாளைக் கேட்டுச் சொல்கிறேன்.